லெம்மியில் போட்ட வாக்கு யாருக்கெல்லாம் தெரியும்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லெம்மி என்ற விவாதத் தளத்தின் ஒரு கம்யூனிட்டியில் (ஒரு தலைப்புக்கான குழுவில்) நான் டவுன்வோட், அதாவது 'பிடிக்கவில்லை' என்ற கீழ் அம்பு, போட்ட பதினோரு பதிவுகளின் பட்டியல், தேதியும் நேரமும் சேர்த்து, ஒருநாள் காலை எனக்கே தனிச்செய்தியாக வந்தது. அனுப்பியவர் அங்கே மாடரேட்டர். "இவ்வளவு பிடிக்கவில்லை என்றால் எதற்கு இங்கே இருக்கிறீர்கள்?" என்று கீழே ஒரு வரி. மாலைக்குள் என்னை நீக்கியும் விட்டார். நீக்கியதுகூடப் பரவாயில்லை. அம்புக்குறியை அழுத்தினால் எண் மாறும், அழுத்தியது யார் என்பது வெளியே போகாது என்று ஒன்றரை வருடமாக நம்பிக்கொண்டிருந்தேனே, அதுதான் உறைத்தது.

வாக்கு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு மறைப்பும் சீட்டும் பெட்டியும் நினைவுக்கு வருகின்றன. தமிழில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: நாலு பேர் முன்னால் கொடுத்த சொல். ஃபெடிவெர்ஸில், அதாவது லெம்மி போன்ற, தனித்தனி ஆட்கள் நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்த வலையமைப்பில், நீங்கள் போடும் வாக்கு இந்த இரண்டாவது வகை. பெயர் போட்டு, கையெழுத்திட்டு, பல ஊர்களுக்கு நகல் அனுப்பிவிடுகிறீர்கள்.

அதன்பிறகு பல வார இறுதிகளைச் செலவழித்துக் கற்றதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். பணச் செலவு கிடையாது. புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு மாலைப்பொழுது போதும். ஏற்கெனவே கணக்கு வைத்திருந்து சுத்தம் செய்பவருக்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அவர்கள் 1, 2 படித்துவிட்டு நேரே 7-க்குப் போகலாம்.

1. அந்த லைக் போகும் பாதையைப் பாருங்கள்

லெம்மி, அதைப் போன்ற பைஃபெட், எம்பின், ட்விட்டர் மாதிரியான மஸ்டடான் எல்லாம் தங்களுக்குள் பேசிக்கொள்வது ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையில். இதில் லைக், டிஸ்லைக், ஃபாலோ, அன்டூ, டிலீட் ஒவ்வொன்றும் ஒரு சிறு கடிதம் மாதிரி. ஒவ்வொரு கடிதத்திலும் அனுப்பியவரின் முழு முகவரி இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆள் நூறு தடவை வாக்குப் போட்டாலும் எதிர்ச் சர்வருக்குத் தெரியாது. ஆக, பெயர் போவது யாரோ கவனக்குறைவாக விட்ட ஓட்டை அல்ல. வேலையே அப்படித்தான் நடக்கிறது.

லெம்மியில் நீங்கள் ஒரு சர்வரில் இருக்கிறீர்கள், கம்யூனிட்டி வேறொரு சர்வரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அழுத்தியதும் உங்கள் சர்வர் அந்தச் சர்வருக்குக் கடிதம் அனுப்பும். அது வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்காது. அந்தக் கம்யூனிட்டியில் ஒரே ஒரு சந்தாதாரராவது இருக்கிற எல்லாச் சர்வர்களுக்கும் உங்கள் வாக்கைப் பெயரோடு திருப்பி அனுப்பும். நூறு சர்வர்களில் வாசகர்கள் இருந்தால் நூறு டேட்டாபேஸ்களில் உங்கள் பெயர் ஏறிவிடும். அந்த நூறில் ஒன்றை யார் வேண்டுமானாலும் நடத்தலாம்; வாடகைக்கு ஒரு சின்னச் சர்வர் எடுத்தால் போதும். பதிவின் சுட்டியை ஒட்டினால் யார் ஏற்றினார், யார் இறக்கினார் என்று காட்டும் பொதுத் தளமே வந்தது இப்படித்தான்.

மஸ்டடானில் பாதை குட்டை. லைக் நேராக எழுதியவரின் சர்வருக்குப் போகும், பொதுவாக அங்கேயே நின்றுவிடும். ஒரே பதிவுக்கு ஒரு சர்வரில் 40 லைக்கும் இன்னொன்றில் 6 லைக்கும் தெரிவதைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள், காரணம் இதுதான்.

இனி பலரும் விழும் பள்ளம். லெம்மி கம்யூனிட்டியில் மஸ்டடானிலிருந்து ஒருவர் கருத்து எழுதுகிறார், நீங்கள் லெம்மியிலிருந்து அப்வோட் போடுகிறீர்கள். அங்கே அவருக்கு "இன்னார் உங்கள் பதிவை விரும்பினார்" என்று உங்கள் பெயரோடு அறிவிப்பு போகலாம். உங்கள் திரையில் தெரிந்ததோ வெறும் எண். நல்ல வேளையாக டவுன்வோட்டை மஸ்டடான் கண்டுகொள்வதில்லை.

2. எந்த மென்பொருளில் எது வெளியே தெரியும்

லெம்மி: சாதாரணப் பயனருக்கு எண் மட்டும் தெரியும். சர்வர் அட்மினுக்கு, தன் சர்வருக்கு வந்து சேர்ந்த எந்தப் பதிவின் வாக்காளர் பட்டியலும் தெரியும். புதிய பதிப்புகளில் மாடரேட்டருக்கும் தன் கம்யூனிட்டி அளவில் அதே வசதி உண்டு. எனக்கு வந்த பட்டியல் பிறந்த இடம் அதுதான். நீங்கள் எழுதிய பதிவுகளும் கருத்துகளும் உங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் வரிசையாகக் கிடைக்கும். சேமித்து வைப்பவை மட்டும் வெளியே போவதில்லை.

எம்பின்: பதிவை விரும்பியவர்களின் பெயர்களைப் பக்கத்திலேயே காட்டிவிடும். லெம்மியில் போட்ட அப்வோட் அங்கே பட்டியலாகத் தெரியும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ஒரு பதிவை இரண்டு இடத்திலும் திறந்து பார்த்துவிடுங்கள்.

பைஃபெட்: 2024-ல் ஒரு நல்ல வேலை செய்தார்கள். அமைப்பில் ஒரு விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் வாக்கு வேறொரு மாற்றுப் பெயரில் வெளியே போகும். ஆனால் அந்த மாற்றுப் பெயர் உங்களுடையது என்று உங்கள் சர்வர் அட்மினுக்குத் தெரியும். தவிர, ஒரே மாற்றுப் பெயர் தொடர்ந்து வாக்களித்தால் அந்த வரிசையே ஆளைக் காட்டிக்கொடுக்கலாம். நீங்கள் கருத்து எழுதுகிற இடங்களிலெல்லாம் அந்தப் பெயரும் வாக்குப் போட்டால் ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம்.

மஸ்டடான்: ஒரு பதிவை யார் விரும்பினார், யார் பூஸ்ட் செய்தார் (தன் பக்கத்தில் மறுபகிர்வு செய்தார்) என்பதைப் பதிவைத் திறந்தால் பார்க்கலாம். ஒருவர் விரும்பிய அத்தனையையும் மொத்தமாகக் காட்டும் பக்கம் அவருக்கு மட்டுமே திறக்கும். புக்மார்க் உங்கள் சர்வரைத் தாண்டாது.

புளூஸ்கை: இதுவும் ட்விட்டர் மாதிரிதான், ஆனால் வேறு நெறிமுறை, ஏடி புரோட்டோகால். இங்கே உங்கள் லைக், ஃபாலோ, பிளாக் எல்லாம் உங்கள் பெயரிலுள்ள ஒரு பொதுப் பதிவேட்டில் எழுதப்படும். அதிகாரபூர்வச் செயலியில் லைக் தாவல் உங்களுக்கு மட்டும்தான் தெரிகிறது. ஆனால் பதிவேடு திறந்தே கிடக்கிறது, கொஞ்சம் விவரம் தெரிந்த யாரும் படிக்கலாம். நீங்கள் யாரை பிளாக் செய்தீர்கள் என்பதும் பொதுத்தகவல். அதைத் தேடிக்காட்டும் தளங்கள் உண்டு. சத்தமில்லாமல் ஒருவரைத் தவிர்க்க மியூட்தான் சரி, அது வெளியே தெரியாது. "உள்நுழையாதவர்களுக்குக் காட்டாதே" என்றொரு விருப்பமும் இருக்கிறது. அது மற்றச் செயலிகளிடம் வைக்கும் வேண்டுகோள், பூட்டு அல்ல. 2024 நவம்பரில் 10 லட்சம் புளூஸ்கை பதிவுகளைத் தொகுத்து, செயற்கை நுண்ணறிவுக்கான தரவுகளைப் பகிரும் ஹக்கிங் ஃபேஸ் தளத்தில் ஒருவர் ஏற்றினார்; எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார். எடுத்தது அந்தத் தொகுப்பை. பதிவுகளைத் திரட்டக்கூடிய குழாய் இன்னும் திறந்துதான் இருக்கிறது.

நோஸ்டர்: இது இன்னொரு தனி நெறிமுறை. எல்லாமே உங்கள் சாவியால் கையொப்பமிடப்பட்டு ரிலேக்களுக்கு, அதாவது செய்திகளை வாங்கிப் பரப்பும் சர்வர்களுக்கு, போகும். லைக்கும் சரி, 'ஜாப்' என்று அனுப்பும் பணமும் சரி, தொகையோடு தெரியும். சாவியை மாற்றவும் முடியாது. முதல் நாளே இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

3. சர்வரைத் தேர்ந்தெடுங்கள்

ஃபெடிவெர்ஸில் உங்கள் மின்னஞ்சலும் ஐபி முகவரியும் (இணையத்தில் உங்கள் இணைப்பின் எண்) பொதுவாக உங்கள் சொந்தச் சர்வரின் அட்மினுக்குத்தான் தெரியும், வெளிச் சர்வர்களுக்குப் போவதில்லை; ஐபிக்கு ஒரு விதிவிலக்கு 6-ல் வரும். அதனால் இந்த ஒரு ஆளைத் தேர்ந்தெடுப்பதில் அரை மணி நேரம் செலவிடுங்கள்.

சர்வரின் 'பற்றி' பக்கத்தையும் தனியுரிமைக் கொள்கையையும் திறந்து பாருங்கள். அட்மின் யார், எப்படித் தொடர்புகொள்வது, ஐபி பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பார், மூடுவதாக இருந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு தருவார். இந்த நான்குக்கும் பதில் இல்லாத சர்வரை விட்டுவிடுங்கள். முன்னறிவிப்பு பற்றிய கேள்வி ஏன் முக்கியம் என்று 7-ல் வரும்.

பேக்கப் பற்றியும் கேளுங்கள். 2023 மே மாதம் கொலெக்டிவா என்ற மஸ்டடான் சர்வரின் அட்மின்களில் ஒருவர் வீட்டில், சர்வருக்குச் சம்பந்தமில்லாத ஒரு விசாரணைக்காக, அமெரிக்காவின் எஃப்பிஐ சோதனை நடந்தது. அந்த நேரம் பார்த்துக் குறியாக்கம் செய்யாத டேட்டாபேஸ் நகல் ஒன்று அவர் கணினியில் இருந்தது. அதுவும் சேர்ந்து போய்விட்டது. அட்மின் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது, ஒழுங்கானவராகவும் இருக்க வேண்டும்.

"சொந்தமாகவே ஒரு சர்வர் போட்டுவிட்டால்?" என்று எல்லோரையும் போல நானும் நினைத்தேன். டொமைனுக்கு வருடக் கட்டணம், சர்வருக்கு மாத வாடகை, பராமரிப்புக்கு உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள். இத்தனைக்கும் பிறகு அந்த டொமைனிலிருந்து வரும் ஒவ்வொரு வாக்கும் உங்களுடையது என்று ஊருக்கே தெரியும், ஏனென்றால் அங்கே இருப்பது நீங்கள் ஒருவர்தான். கட்டுப்பாடு வேண்டும் என்பவர்களுக்கு சொந்தச் சர்வர் அருமை. கூட்டத்தில் கரைய வேண்டும் என்பவர்களுக்கு அது எதிர்மாறு. சில ஆயிரம் பேர் உள்ள நடுத்தரச் சர்வரே அவர்களுக்குப் பொருந்தும்.

4. கணக்கு திறக்கத் தேவையானவை

ஆவணம் என்று பார்த்தால் ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டுமே. அடையாள அட்டை கேட்கும் சர்வர் எதையும் நான் எதிர்கொள்ளவில்லை. கேட்டால் வேறு சர்வர் பாருங்கள். பல சர்வர்களில் "ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்று இரண்டு வரி எழுதச் சொல்வார்கள், ஒரு மனிதர் படித்து ஒப்புதல் தருவார். சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். அந்த இரண்டு வரியில் வேலை பார்க்கும் இடத்தையும் உண்மைப் பெயரையும் கொட்டிவிடாதீர்கள். அதுவும் அவர்களிடம் சேமிப்பில் இருக்கும்.

மின்னஞ்சல் புதியதாக இருக்கட்டும். பயனர் பெயர் வேறெங்கும் நீங்கள் பயன்படுத்தாததாக இருக்கட்டும். படமும் அப்படியே. பத்து வருடமாக எல்லாத் தளத்திலும் ஒரே பெயரை வைத்திருப்பவர்களை ஒரு தேடலில் பிடித்துவிடலாம். என்னையும் அப்படித்தான் பிடித்தார்கள்.

அப்புறம், கணக்கு ஒன்றா இரண்டா? என் பதில் இரண்டு. பெயர் தெரிந்தாலும் பரவாயில்லை என்ற விஷயங்களுக்கு ஒன்று. உடல்நலம், அரசியல், மதம், வேலையில் உள்ள குறைகள் போன்றவற்றுக்கு வேறு சர்வரில் வேறொன்று. இரண்டையும் ஒரே செயலியில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் தட்டினால் ஒருநாள் தவறான கணக்கிலிருந்து பதில் போகும். எனக்குப் போயிருக்கிறது. இரண்டாவதைத் தனி உலாவியில் வையுங்கள். ஒரே பதிவுக்கு இரண்டு கணக்கிலிருந்தும் வாக்குப் போடவே கூடாது. பல சர்வர்களில் அது விதிமீறல், கணக்குகளை இணைத்துப் பார்க்கவும் அதுதான் சுலபமான தடயம்.

5. முதல் நாளே மாற்ற வேண்டிய அமைப்புகள்

மஸ்டடானில்தான் மாற்ற நிறைய இருக்கிறது. யாரைப் பின்தொடர்கிறீர்கள், யார் உங்களைப் பின்தொடர்கிறார் என்ற பட்டியலை மறையுங்கள். தேடுபொறிகளில் உங்கள் பக்கம் வருவதை அணையுங்கள். பதிவுகளைத் தேடலில் சேர்க்கும் வசதி நீங்களாக இயக்கினால்தான் வேலை செய்யும், அப்படியே விட்டுவிடலாம். எந்தச் செயலியிலிருந்து பதிந்தீர்கள் என்று காட்டுவதையும் அணைத்துவிடுங்கள். புதிதாகப் பின்தொடர்பவர்களை நீங்களே பார்த்து ஒப்புதல் தரும்படி வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் "பின்தொடர்பவர்களுக்கு மட்டும்" என்ற பதிவுக்கு அர்த்தமே இல்லை, யார் வேண்டுமானாலும் ஒரு தட்டில் பின்தொடர்பவராகிவிடலாம். பழைய பதிவுகளைத் தானாக அழிக்கும் வசதியையும் ஒரு காலக்கெடுவோடு போட்டு வையுங்கள்.

பின்தொடர்பவர் பட்டியலை மறைப்பது உங்கள் பக்கத்தில் மட்டும்தான். நீங்கள் பின்தொடரும் ஒருவர் தன் பட்டியலைத் திறந்து வைத்திருந்தால் அங்கே உங்கள் பெயர் தெரியும்.

லெம்மியில் மாற்ற அதிகம் இல்லை. வாக்கை மறைக்கும் பொத்தானைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், கிடையாது.

6. தினமும் கை வைக்கும் இடங்கள்

படித்ததைப் பிறகு பார்க்க வைத்துக்கொள்ள லைக் போடும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். லெம்மியில் 'சேமி', மஸ்டடானில் புக்மார்க். இரண்டும் உங்கள் சர்வரோடு நிற்கும்.

மஸ்டடான் கருத்துக்கணிப்புகளில் எண்ணிக்கை மட்டுமே தெரிகிறது. அதை நம்பி மனம் திறந்து பதில் போடுகிறோம். உண்மையில் உங்கள் தேர்வு உங்கள் பெயரோடு, கணிப்பை வைத்தவரின் சர்வருக்குப் போய்ச் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டுவதில்லை, அவ்வளவே. அந்தச் சர்வரை அவரே நடத்தினால் டேட்டாபேஸைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். "உங்கள் நிறுவனத்தில் ஊதியம் சரியாக வருகிறதா?" போன்ற கணிப்புகளில் கை வைக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தனிச்செய்தி என்ற பெயரும் அப்படித்தான். மஸ்டடான், லெம்மி, புளூஸ்கை மூன்றிலும் வழக்கமான தனிச்செய்திகளுக்கு முனைக்கு முனை குறியாக்கம், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படியான பூட்டு, கிடையாது. லெம்மி இதை ஒளிக்காமல் செய்தி எழுதும் பக்கத்திலேயே எச்சரிக்கிறது. மஸ்டடானில் இன்னொரு கண்ணி: தனிச்செய்திக்குள் மூன்றாவது ஒருவரை அட் குறியோடு எழுதினால் அந்தச் செய்தி அவருக்கும் போய்விடும். ஒருவரைப் பற்றிப் புறம் பேசப் போய் அவருக்கே அனுப்பியவர்கள் இருக்கிறார்கள்.

படங்கள். லெம்மியில் சில சர்வர்கள் வெளிச் சர்வரின் படத்தைத் தாங்களே வாங்கித் தருகின்றன, சில அப்படிச் செய்வதில்லை. செய்யாத இடத்தில் பதிவைத் திறந்தாலே உங்கள் உலாவி அந்த வெளிச் சர்வரைத் தொடும், உங்கள் ஐபி முகவரி அங்கே பதியும். வாக்கே போடாமல் வந்துபோன தடம் அது. அப்படி வாங்கித் தரும் பட ப்ராக்ஸி இருக்கிறதா என்று அட்மினிடம் கேளுங்கள், இல்லையென்றால் உங்கள் ஐபி முகவரியை மறைக்கும் விபிஎன் வைத்துக்கொள்ளுங்கள்.

7. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு

வரிசை முக்கியம். நான் தலைகீழாகச் செய்து ஒரு கணக்கின் பதிவுகளை இழந்தேன்.

முதலில் நகல் எடுங்கள். மஸ்டடானில் முழுத் தொகுப்பை 7 நாளுக்கு ஒருமுறைதான் கேட்க முடியும். தயாரானதும் மின்னஞ்சல் வரும். அது வந்து, இறக்கி, திறந்து பார்க்கும்வரை எதையும் அழிக்காதீர்கள். பின்தொடர்பவை, பிளாக் பட்டியல் போன்றவற்றைத் தனித்தனி சிஎஸ்வி கோப்புகளாக உடனே இறக்கலாம்.

இரண்டாவது, உறுத்தும் வாக்குகளைத் திரும்பப் பெறுங்கள். அம்புக்குறியை மறுபடி அழுத்தினால் 'அன்டூ' கடிதம் அதே வழியில் போகும், ஒழுங்கான சர்வர்கள் அழித்துவிடும். அன்று அணைந்திருந்த சர்வரிலோ, வேண்டுமென்றே சேகரிப்பவரிடமோ அது நிற்கும். மொத்தமாக நூற்றுக்கணக்கில் ஒரே மணி நேரத்தில் செய்தால் சர்வர் வேகக்கட்டுப்பாட்டில் நிறுத்திவிடும். நான் நாளொன்றுக்கு ஐம்பது என்று வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது, இடம் மாறுவதா அழிப்பதா என்று முடிவு செய்யுங்கள். மஸ்டடானில் இடம் மாறினால் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், பதிவுகள் பழைய இடத்திலேயே நிற்கும். ஒருமுறை மாறினால் அடுத்த 30 நாள் மறுபடி மாற முடியாது. பழைய கணக்கு புதியதைச் சுட்டிக்காட்டும் என்பதையும் மறக்காதீர்கள். தடத்தை அறுக்க விரும்புபவர் இடம் மாறவே கூடாது. புதிதாகத் தொடங்க வேண்டும்.

அழிக்கும்போது லெம்மியில் "என் பதிவுகளையும் அழி" என்பதற்குத் தனியாக ஒரு குறியிட வேண்டும். மஸ்டடானில் அழித்த பயனர் பெயரை அந்தச் சர்வரில் யாரும், நீங்கள் உட்பட, மறுபடி எடுக்க முடியாது.

சர்வர் மூடப்போகிறது என்று அறிவிப்பு வந்தால், அது மூடும் நாளுக்கு முன்பே உங்கள் கணக்கை நீங்களே அழித்துவிடுங்கள். 'டிலீட்' கடிதத்தில் கையொப்பமிட உங்கள் சர்வரில் உள்ள சாவி வேண்டும். சர்வர் போய்விட்டால் சாவியும் போயிற்று. மற்ற இடங்களில் இருக்கும் நகல்களை அழிக்கச் சொல்ல உலகத்தில் யாருக்கும் அதிகாரம் இல்லை. சொந்தச் சர்வர் நடத்துபவர்களும் டொமைனைக் கைவிடும் முன் மஸ்டடானின் 'செல்ஃப்-டிஸ்ட்ரக்ட்' கட்டளையை ஓட்டி, அது முடியும்வரை சில நாள் காத்திருங்கள்.

கடைசி வழி, அட்மினுக்குக் கடிதம். சர்வர் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து நடந்தால் அங்குள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 17-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுதலாம். பதில் தர ஒரு மாத அவகாசம். சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். பொதுவாகக் கட்டணம் இல்லை. கடிதத்தில் பயனர் பெயர், சர்வர் முகவரி, எதை அழிக்க வேண்டும் என்பது, உங்கள் சுட்டிகள், இவ்வளவு போதும். ஆளை நிரூபிக்கச் சொன்னால் பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்தே எழுதுங்கள், அல்லது அவர் தரும் ஒரு எண்ணை உங்கள் சுயவிவரத்தில் ஒட்டிக் காட்டுங்கள். முகம் தெரியாத ஒருவருக்குப் பாஸ்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பிவிட்டால், வாக்குகளை அழிக்கப் போய் அதைவிடப் பெரியதைக் கொடுத்ததாகிவிடும்.

நான் மூன்று சர்வர்களுக்கு எழுதினேன். ஒருவர் நான்காம் நாள் அழித்துவிட்டு அழித்த நேரத்தையும் எழுதினார். இரண்டாமவர், எந்தெந்தப் பதிவு என்று சுட்டி கேட்டு இரண்டு தடவை எழுதியபின் செய்தார். மூன்றாவது சர்வரிலிருந்து பதில் வரவில்லை. அந்த டொமைன் இப்போது திறப்பதும் இல்லை.